பீடிங் என்றால் வெறும் அலங்காரமா? வீட்டுக்குள் மரச் சட்டங்கள் செய்யும் வேலை

கிருஷ்ணகிரியில் ஒரு மரக்கடையில் நிலைச் சட்டம் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்தில் நின்றவர், புது வீடு கட்டுகிறவர் போல, கைப்பேசியில் ஏதோ வெளிநாட்டு ஹால் படத்தைக் காட்டி "இந்த மாதிரி பீடிங் வேணுங்க" என்றார். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எதுங்க சார்? கதவைச் சுத்தி இருக்கறதா, செவுத்துல கட்டம் கட்டமா இருக்கறதா, சீலிங் ஓரத்துல இருக்கறதா, தரையோரமா?" என்று கேட்டார். "எல்லாமேதாங்க. பீடிங்." கடைக்காரர் சிரித்துக்கொண்டே, கண்ணாடிக்கு அடிக்கிற அரை இன்ச் பீடிங் கட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் போட்டார்.

வந்தவர் மேல் தப்பில்லை. நம் பக்கத்தில் ஒல்லியாக நீளமாக இருக்கிற மரம் எல்லாவற்றுக்கும் பீடிங் என்றுதான் பெயர். பெங்களூரு பக்கத்தில் இருப்பதால் ஓசூரில் இன்டீரியர் வேலை பெருகிக் கிடக்கிறது. அங்கே ஒரு வீட்டில் பார்த்ததை இங்கே ஊத்தங்கரையில், பென்னாகரத்தில், அரூரில் கேட்கிறார்கள். கேட்பது சரிதான். ஆனால் அந்தச் சட்டம் அங்கே எதற்காக இருக்கிறது என்று தெரியாமல் கேட்கும்போது, காசு போன பிறகு மூலையில் விரிசல், அடியில் உப்பல், நடுவில் வளைவு என்று வந்து நிற்கிறது. "ஆசாரி சரியில்லை" என்று பழியும் போடுகிறோம். பாதி நேரம் அவர் மேல் குற்றமே இருக்காது.

அதனால் அடியிலிருந்து பார்ப்போம்.

## சேலைக்கு ஃபால்ஸ் எதற்கு வைக்கிறோம்?

புதுச் சேலை வாங்கினால் கட்டுவதற்கு முன்பே ஃபால்ஸ் வைக்கக் கொடுத்துவிடுகிறோம். தரையில் உரசும் இடம் அது. அங்கே தேய்ந்தால் சேலையே போச்சு. அந்தத் தேய்மானத்தை ஃபால்ஸ் வாங்கிக்கொள்கிறது, கூடவே கொசுவம் ஒழுங்காக விழவும் வைக்கிறது. கோரைப்பாயின் ஓரத்தில் துணி வைத்துத் தைப்பதும் இதே கணக்குதான். எந்தப் பொருளும் முதலில் கெடுவது அதன் ஓரத்தில். ஓரத்தைக் காப்பாற்றப் போனபோது, அப்படியே அதைக் கொஞ்சம் அழகாகவும் செய்தார்கள்.

வீட்டிலும் ஓரங்கள் உண்டு. சுவரும் தரையும் சேரும் இடம், சுவரும் கூரையும் சேரும் இடம், சுவரும் கதவு நிலையும் சேரும் இடம். பழைய ஓட்டு வீடுகளில் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரின் அடியில் முழ உயரத்துக்குக் காவியோ கறுப்போ பூசியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். தரை மெழுகும்போது கை படும், மழைச் சாரல் தெறிக்கும், கோழி கிளறும், எதுவும் வெள்ளையில் தெரியாது. மரமே இல்லாமல் வண்ணத்தால் போட்ட ஓரச்சட்டம் அது.

கதவு நிலைக்கு வருவோம். நிலை மரம், சுற்றிலும் சிமெண்ட் பூச்சு. இரண்டும் ஒட்டி நிற்கும், ஆனால் ஒன்றாகாது. கதவை ஒவ்வொரு முறை அடித்துச் சாத்தும்போதும் நிலை அதிரும், மரம் தன் போக்கில் காயும், ஒரு வருடத்தில் நிலையைச் சுற்றி முடி போல ஒரு விரிசல் ஓடும். எத்தனை முறை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தாலும் திரும்ப வரும். இதை மறைக்க இரண்டு வழி. ஒன்று, விரிசலின் மேல் ஒரு மரச் சட்டத்தை ஓட்டி மூடுவது. இன்னொன்று நம் கொத்தனார்கள் செய்வது: பூச்சு காய்வதற்குள் நிலையை ஒட்டி விரல் அகலத்துக்கு ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். விரிசல் அந்தப் பள்ளத்துக்குள் விழும், அங்கே எப்போதும் நிழல் இருப்பதால் கண்ணில் படாது. செலவே இல்லாத வேலை. எனக்கு இன்றும் இந்தக் கோடுதான் பிடிக்கும், சட்டங்களைப் பற்றி இவ்வளவு எழுதிக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: இரண்டு வெவ்வேறு பொருள்கள் சந்திக்கும் இடத்தில் இடைவெளி வரும், அதை மூடத்தான் ஓரச் சட்டம் பிறந்தது. அழகு பின்னால் வந்தது.

## பெயர்களை ஒரு முறை சரிபார்த்துக்கொள்வோம்

ஒரே உருவத்தில் நீளமாக ஓடும் சட்டம் எதுவானாலும் பொதுப் பெயர் மோல்டிங். அதைக் குறுக்கே அறுத்தால் முனையில் ஓர் உருவம் தெரியும் இல்லையா, அதை வெட்டுமுகம் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர்கள் ப்ரொஃபைல் என்பார்கள்.

சுவரின் அடியில் தரையோரம் ஓடினால் ஸ்கர்ட்டிங். கதவு, ஜன்னல் நிலையைச் சுற்றி விரிசலை மூடினால் ஆர்க்கிட்ரேவ். சுவரும் கூரையும் சேரும் மூலையில் சாய்ந்து உட்கார்ந்தால் கார்னிஸ். சுவரின் நடுவில், தரையிலிருந்து 32 முதல் 36 இன்ச் உயரத்தில் படுக்கையாக ஓடினால் டேடோ ரெயில். நாற்காலி முதுகு சுவரில் இடித்துத் தேய்க்கும் உயரம் ஏறக்குறைய அது, அதனால் வந்த சட்டம். சுவரில் படச் சட்டம் போல வெறும் கட்டங்களாக அடிப்பது பேனல் மோல்டிங். கைப்பேசிப் படத்தில் நம்மாள் பார்த்தது பெரும்பாலும் இதுதான். இது ஒன்று மட்டும்தான் எதையும் மூடாமல் அழகுக்காகவே இருப்பது.

அப்போ பீடிங்? கண்ணாடியைச் சட்டத்துக்குள் பிடித்து நிறுத்தும் சின்னக் கம்பி போன்ற மரம், பிளைவுட்டின் அறுத்த விளிம்பை மூடும் மரம், இவைதான் கறாராகச் சொன்னால் பீடிங். ரீப்பர் என்பது இழைத்த உருவம் எதுவும் இல்லாத வெறும் சப்பைச் சட்டம், உள்ளே தாங்குவதற்கு அடிப்பது. ஆசாரியிடம் பேசும்போது எந்த இடம் என்று கையைக் காட்டிச் சொல்லிவிட்டால் பெயர் எதுவானாலும் பரவாயில்லை.

## முறுக்கு அச்சும் நிழலும்

முறுக்கு அச்சில் எந்தத் தகட்டைப் போடுகிறோமோ அந்த உருவத்தில் மாவு வரும். மூன்று ஓட்டைத் தகடு போட்டால் ஒன்று, நட்சத்திரம் போட்டால் ஒன்று. மோல்டிங்கும் அப்படித்தான். பிளாஸ்டிக் என்றால் உருக்கிய பொருளை அச்சு வழியாக நிஜமாகவே தள்ளி எடுக்கிறார்கள். மரத்தைத் தள்ள முடியாது, அதனால் தேவையான உருவத்துக்குத் தீட்டிய வெட்டுக்கத்தி சுழலச் சுழல மரத்தை அதன்மேல் ஓட்டுகிறார்கள். ஆசாரி கையில் வைத்திருக்கும் ரூட்டர் மெஷின் செய்வதும் அதையேதான். அந்தக் காலத்தில் இதற்கென்றே வளைந்த அலகு போட்ட இழைப்புளிகள் இருந்தன.

சரி, இந்த வளைவு நெளிவெல்லாம் எதற்கு? வெறும் சப்பைச் சட்டமும் விரிசலை மூடும்தானே?

மூடும். ஆனால் கண்ணுக்கு வேலை இருக்காது. சுவரும் சட்டமும் ஒரே வெள்ளைப் பெயின்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் சட்டம் தனியாகத் தெரிகிறதே, எப்படி? நிழலால். குவிந்த வளைவில் வெளிச்சம் மெல்ல மெல்லக் குறையும். குழிந்த வளைவில் மேல்பக்கம் இருட்டாகவும் கீழ்ப்பக்கம் வெளிச்சமாகவும் இருக்கும். கூர்மையான படி ஒரு கறுப்புக் கோடு போடும். இந்த மூன்றையும் மாற்றி மாற்றி அடுக்குவதுதான் எல்லா மோல்டிங்கும்.

இது நமக்குப் புதிதில்லை. தருமபுரி கோட்டைக் கோயில் மாதிரிப் பழைய கற்கோயில் எதற்காவது போனால், கருவறைச் சுவர் தரையிலிருந்து எழும் இடத்தில் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அதிட்டானம் என்பார்கள். அடியில் உபானம், அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் ஜகதி, அதற்குமேல் உருண்டையாகவோ பட்டை தீட்டியோ வரும் குமுதம், உள்ளே ஒடுங்கும் கண்டம், மறுபடி வெளியே நீளும் பட்டிகை. கோயிலுக்குக் கோயில் கொஞ்சம் மாறும். உருண்ட குமுதத்தில் வெளிச்சம் வழுக்கிப் போகும், ஒடுங்கிய கண்டம் இருட்டுக் கோடாக நிற்கும், பட்டிகையின் விளிம்பு பளிச்சென்று வெட்டும். மேலே கூரையோரம் கபோதம் வளைந்து வெளியே நீளும், மழைத்தண்ணீர் சுவரில் வழியாமல் தள்ளி விழ. வீட்டுக்குள் கார்னிஸ் அடிக்கிறவர்கள் செய்வது இந்தக் கல்வேலையின் சின்ன மர வடிவம். வீட்டுக்குள் மழை பெய்வதில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இதிலிருந்து நடைமுறைக்கு இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். கூரை முழுக்க எல்இடி பதித்து எல்லாப் பக்கமும் சமமாக வெளிச்சம் அடித்தால் நிழலே விழாது, ஆயிரக்கணக்கில் செலவழித்த மோல்டிங் சுவரில் பென்சிலால் கோடு போட்ட மாதிரித் தெரியும். ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும் சுவர்தான் இதற்குப் பொருத்தம், ஜன்னல் உள்ள சுவருக்குப் பக்கவாட்டில் இருக்கும் சுவர் மாதிரி. இரண்டாவது, ஐந்தாறு கோட் எனாமல் ஏற்றினால் கூர்மையான படிகளெல்லாம் மொழுமொழுவென்று மூழ்கிப் போகும், நிழலும் போகும். ஒவ்வொரு பொங்கலுக்கும் அடித்த பெயின்டின் மேல் பெயின்ட் அடித்த நிலைகளில் பூவேலை எப்படி அமுங்கிக் கிடக்கிறது என்று பாருங்கள்.

## மரம் எந்தப் பக்கம் அசைகிறது

இங்கேதான் பெரும்பாலான தப்பு நடக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஐப்பசி மழையில் கதவு இறுகிக்கொண்டு சாத்த வராது. மாசி பிறந்ததும் தானாகச் சரியாகிவிடும். எல்லார் வீட்டிலும் நடப்பது. அப்போது கவனித்தீர்களா, கதவு பக்கவாட்டில்தான் இடிக்கும், உயரத்தில் வளர்ந்து மேலே இடித்தது என்று யாரும் சொல்வதில்லை. ஏன்?

கேழ்வரகு அறுத்த தாளைக் கட்டாகக் கட்டித் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு தாளும் ஊறிக் கொஞ்சம் பருக்கும், கட்டு தடிக்கும், கட்டிய கயிறு இறுகும். ஆனால் தாளின் நீளம் கூடாது. மரமும் நீளவாக்கில் அடுக்கிய நுண்ணிய குழாய்களின் கட்டுதான். குழாய்ச் சுவர்கள் ஈரத்தை உறிஞ்சினால் பருக்கும், விட்டால் மெலியும். அதனால் மரம் அகலத்தில் அசையும், நீளத்தில் அசையவே அசையாது என்றே சொல்லலாம். பச்சை மரம் முழுக்கக் காயும்போது தேக்கு அகலத்தில் சுமார் 5 சதவீதம் சுருங்கும், வேறு பல மரங்கள் 7, 8 சதவீதம் வரை போகும். நீளத்தில் சுருங்குவது 0.1, 0.2 சதவீதம் அளவுக்குத்தான்.

காய்ந்த மரமும் சும்மா இருக்காது. சுற்றியுள்ள காற்றோடு கணக்குத் தீர்த்துக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாகவே நீடித்தால் மரத்துக்குள் அதன் எடையில் 16 சதவீதம் போல ஈரம் நிற்கும். அதுவே 30 சதவீதமானால் 6 சதவீதத்துக்கு இறங்கும். தருமபுரியில் பங்குனி மதியம் எப்படிக் காயும், ஐப்பசி அடைமழை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஓசூர் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருப்பதால் அங்கே வெயில் கொஞ்சம் தணிவு. ஓசூரில் நன்றாக நிற்கும் வேலை அப்படியே தருமபுரியில் நிற்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வருடத்துக்குள் மரத்தின் ஈரம் 14-லிருந்து 8-க்கு இறங்குகிறது என்று வைத்துக் கணக்குப் போடுவோம். 4 இன்ச் அகலத் தேக்குச் சட்டம் சுமார் 1 மில்லிமீட்டர் சுருங்கும். ஆசாரி கணக்கில் இன்ச்சுக்கு 8 நூல், ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆக மூன்றில் ஒரு நூல். சமாளித்துவிடலாம். அதுவே 30 இன்ச் அகலப் பலகையானால் 8 மில்லிமீட்டர், இரண்டரை நூல். இதை நான்கு பக்கமும் இறுக்கிப் பசை போட்டு ஆணியும் அடித்தால் என்ன ஆகும்? சுருங்க இடமில்லாமல் நடுவில் படாரென்று வெடிக்கும். மழைக்காலத்தில் போட்டிருந்தால் இப்படி. வெயில் காலத்தில் போட்டிருந்தால் மழையில் உப்பி வளையும்.

பழைய பலகைக் கதவு செய்தவர்களுக்கு இது அத்துப்படி. கதவின் சட்டத்தில் காடி வெட்டி, பலகையை அதற்குள் செருகி, பசை போடாமல் விட்டுவிடுவார்கள். பலகை உள்ளே மிதக்கும், சுருங்கினாலும் விரிந்தாலும் காடிக்குள்ளேயே நடந்துவிடும். பலகையைச் சுற்றி இழைத்திருக்கும் அந்த அழகான சரிவு இருக்கிறதே, அது பலகையின் ஓரத்தை மெலிதாக்கிக் காடிக்குள் நுழைய வைக்க இழைத்தது. பாட்டி வீட்டு வாசல் கதவைக் கோடையில் உற்றுப் பாருங்கள். பலகையின் ஓரத்தில் பெயின்ட் படாத வெளிறிய கோடு ஒன்று வெளியே தெரியும். காடிக்குள் ஒளிந்திருந்த பாகம் அது.

இந்தப் பாகத்தின் சுருக்கம்: மரம் அகலத்தில் அசையும், நீளத்தில் அசையாது. அகலம் கூடக் கூட அசைவும் கூடும். அசைவை நிறுத்த முடியாது, இடம் விட்டு ஒளித்து வைக்கத்தான் முடியும். மோல்டிங் என்பது அந்த ஒளிக்கும் வேலைக்கு நல்ல கருவி.

## மூலை ஏன் திறந்துகொள்கிறது

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். வீட்டு ஹாலில் டிவி சுவரில் மூன்று கட்டங்கள் அடிக்க ஒரு கடையில் மரச் சட்டம் வாங்கினேன். கார்த்திகை மாதம், வெளியே தூறல். மதியம் வாங்கி, சாயந்திரம் அறுத்து, ராத்திரிக்குள் சுவரில் ஏற்றியாகிவிட்டது. மூலைகள் எல்லாம் கத்தி நுழையாத அளவுக்குப் பொருந்தியிருந்தன, நானே போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பினேன். பங்குனியில் பார்த்தால் பன்னிரண்டு மூலையும் வாயைத் திறந்திருந்தன. ஏடிஎம் கார்டு தாராளமாக நுழைந்தது.

தெரிந்த ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வயதானவர். மூலையில் விரல் நகத்தை விட்டுப் பார்த்தார். "தம்பி, வெளி முனை ஒட்டியிருக்கு, உள்பக்கம் மட்டும் தொறந்திருக்கு, பாத்தீங்களா?" என்றார். அப்போதுதான் பார்த்தேன், பன்னிரண்டிலும் அப்படியே. "ஆமாங்கண்ணா." "அப்ப அறுத்தவன் மேல தப்பில்ல. மரம் காயல. வாங்கி எத்தன நாள் வீட்ல போட்டு வெச்சீங்க?" நான் பதில் சொல்லவில்லை.

அவர் பார்த்ததன் கணக்கு இது. இரண்டு சட்டங்களை ஒவ்வொன்றும் 45 டிகிரியில் அறுத்து மூலையில் சேர்ப்பதற்கு மைட்டர் என்று பெயர். சட்டம் காய்ந்தால் அகலம் குறையும், நீளம் அப்படியே இருக்கும் என்று பார்த்தோம். அகலம் மட்டும் குறைந்தால் அறுத்த சாய்வின் கோணமே மாறிவிடும், 45 என்பது 44-ஐப் பார்த்து நகரும். இரண்டும் சேர்ந்து 90 வராது, ஆனால் சட்டங்கள் 90-ல் ஆணி அடித்து நிற்கின்றன. விட்ட குறை உள்பக்கத்தில் ஆப்பு வடிவ இடைவெளியாகத் திறக்கும். நேர்மாறாக, நன்றாகக் காய்ந்த மரத்தைக் கோடையில் அடித்து மழையில் அது உப்பினால் வெளி முனை திறக்கும். திறந்த பக்கத்தைப் பார்த்தே மரம் காய்ந்ததா ஊறியதா என்று சொல்லிவிடலாம். அறுவையில் தப்பு என்றால் இப்படி ஒரே சீராக வராது, ஒரு மூலை உள்ளே, ஒரு மூலை வெளியே என்று தாறுமாறாக இருக்கும்.

பரிகாரம் சாதாரணமானது, பொறுமைதான் வேண்டும். வாங்கிய சட்டத்தைப் பொருத்தப் போகும் அறையிலேயே, தரையில் படாமல், இடையில் குச்சி வைத்துக் காற்றுப் போகும்படி அடுக்கி ஒரு வாரம் பத்து நாள் போட்டு வையுங்கள். புதிதாகப் பூசிய சுவர் இன்னும் ஈரமாக இருக்கும் வீட்டில் அந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். பொருத்துவதற்கு முன் பின்பக்கத்துக்கும் ஒரு கோட் ப்ரைமரோ வார்னிஷோ அடித்துவிட்டால் ஈரம் ஏறி இறங்குவது மட்டுப்படும். முன்பக்கம் மட்டும் பளபளவென்று பாலிஷ் போட்டுப் பின்பக்கத்தை மொட்டையாக விட்டால், ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் உறிஞ்சாமல் சட்டம் வளையும். நடுவில் வளைந்து நிற்கிற சட்டங்களில் பல இந்த வகை.

இன்னொரு தொல்லை சுவருடையது. நம் சுவர்கள் 90 டிகிரியில் சந்திப்பதில்லை. மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள், 88 இருக்கும், 92 இருக்கும். 92 டிகிரி மூலைக்கு 45 அறுத்தால் எந்தக் கடவுள் வந்தாலும் பொருந்தாது, 46 அறுக்க வேண்டும். ஸ்கர்ட்டிங், கார்னிஸ் போன்றவற்றின் உள்மூலைக்கு அனுபவசாலிகள் மைட்டரே போடுவதில்லை. ஒரு சட்டத்தை மொட்டையாக மூலைவரை ஓட்டிவிட்டு, அடுத்த சட்டத்தின் முனையை முதல் சட்டத்தின் வெட்டுமுக வடிவத்துக்கே மெல்லிய ரம்பத்தால் குடைந்து அதன்மேல் அணைத்துவிடுவார்கள். கோப்பிங் என்று பெயர். இதில் மூலை கோணலானாலும், மரம் கொஞ்சம் சுருங்கினாலும் இடைவெளி வெளியே அவ்வளவாகத் தெரியாது. நேரம் பிடிக்கும் என்பதால் ரன்னிங் அடிக் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் தானாகச் செய்ய மாட்டார்கள், நீங்கள்தான் கேட்டு அதற்கான கூலியும் பேச வேண்டும்.

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே மிஞ்சும் முடி இடைவெளியைச் சுவர்ப் பட்டியால் அடைக்காதீர்கள். பட்டி கல்லாக இறுகும், அடுத்த கோடையில் அதே இடத்தில் கோடு விழும். அக்ரிலிக் சீலன்ட் என்று குழாயில் வருகிறது, ரப்பர் போல இழுபடும், அதன்மேல் பெயின்டும் நிற்கும். சிலிகான் வாங்கி வந்துவிடாதீர்கள், அதன்மேல் பெயின்ட் ஒட்டாது.

## அசையாத மரம் வேண்டும் என்றால்

"அப்போ பிவிசி போட்டுக்கலாம், அது அசையாதே" என்பார்கள். அசையும், வேறு காரணத்துக்கு வேறு பக்கம் அசையும். மரத்தை அசைப்பது ஈரம், அகலவாக்கில். பிளாஸ்டிக்கை அசைப்பது சூடு, நீளவாக்கில். 8 அடி பிவிசி சட்டம் 15 டிகிரி சூடு ஏறினால் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளும். மேற்கு வெயில் சாயந்திரம் முழுக்க விழும் சுவரில் காலைக் குளிரில் இறுக்கிப் பொருத்திய பிவிசி, மதியத்துக்கு மேல் நடுவில் வயிறு தள்ளுவது இதனால்தான். முனைகளில் கொஞ்சம் இடம் விட்டால் தீர்ந்தது. டபிள்யூபிசி என்று விற்பதில் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்திருக்கும், பிளாஸ்டிக் பங்கு கூடக் கூட நடத்தையும் பிளாஸ்டிக் மாதிரி.

எம்டிஎஃப் என்பது மரத்தை நார் நாராக ஆக்கிப் பசையோடு அழுத்திய பலகை. ஒரு திசையில் அடுக்கிய குழாய்கள் இல்லாததால் பக்கம் பார்த்து அசையாது, வெட்டுமுகம் வழுவழுப்பாக வரும், பெயின்ட் அடிக்க இதைவிடச் சுகமான பொருள் இல்லை. சுவர்க் கட்டங்களுக்கு நான் இன்று கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். பெயின்ட் அடித்து மூடப் போகிற இடத்துக்குத் தேக்கு வாங்குவது, என்னைக் கேட்டால், பட்டுச் சேலைமேல் மழைக்கோட்டு மாட்டுவது. ஆனால் எம்டிஎஃப்புக்குத் தண்ணீர் ஆகாது. ஒரு முறை ஊறி உப்பினால் காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. எச்டிஎச்எம்ஆர் என்ற வகை ஈரத்தைக் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான்.

மரத்தின் ரேகை தெரிய பாலிஷ் போடுவதாக இருந்தால் மட்டும் நல்ல மரத்துக்குச் செலவழியுங்கள். அதிலும் வைரம் பாய்ந்த நடுப்பாகமாகப் பாருங்கள். கரையானையும் ஈரத்தையும் தேக்கு தாங்குகிறது என்றால் அது அந்த நடுப்பாகம், ஓரத்தில் இருக்கும் வெளிறிய பாகத்துக்கு அந்தக் குணம் கிடையாது. ஒல்லிச் சட்டங்கள் பெரிய மரம் அறுத்து மிஞ்சிய ஓரங்களிலிருந்தும் வரும், ஆகவே ஒவ்வொரு குச்சியாகத் திருப்பிப் பாருங்கள். நம் மாவட்டத்தில் மாமரம் சுலபமாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். மருந்து ஏற்றாத மாமரத்தை வண்டு துளைத்துவிடும், மெல்லிய சட்டத்துக்கு நான் போகமாட்டேன்.

## தரையோரம் மட்டும் தனிக்கதை

வெளிநாட்டுப் படத்தில் தரையோரம் வெள்ளை மர ஸ்கர்ட்டிங் ஓடும், பார்க்க லட்சணமாக இருக்கும். அங்கே தரையைத் துடைக்கிறார்கள். நாம் கழுவுகிறோம். வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளும் வீட்டில், எம்டிஎஃப் ஸ்கர்ட்டிங் ஆறு மாதத்தில் ஊறிய ரொட்டி. மரமானாலும் அடி கறுத்துப் போகும், மேலும் தரையைத் தொட்டு நிற்கும் மரம் கரையானுக்குப் போட்ட பாலம். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் கிரானைட் வெட்டி வெளிநாட்டுக்கே அனுப்புகிறார்கள், அதில் 4 இன்ச் துண்டு தரையோரத்துக்குப் போதும். அல்லது தரையில் போட்ட டைல்ஸையே அறுத்து ஏற்றலாம். மரம் வேண்டும் என்று ஆசையாக இருந்தால், தண்ணீர் ஊற்றாத படுக்கையறையில், கல் ஸ்கர்ட்டிங்குக்கு மேலே ஒரு சின்னச் சட்டமாக ஓட்டிக்கொள்ளுங்கள்.

## அளவு எடுப்பது

12-க்கு 10 அடி அறை. சுற்றளவு 44 அடி. கார்னிஸ் என்றால் முழுக்க 44. தரையோரம் என்றால் 3 அடி வாசலைக் கழித்து 41. மூலை அறுக்கையில் வீணாவதற்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 45 அடி, 8 அடிச் சட்டமாக ஆறு வாங்க வேண்டும். 9.5 அடி நீளத்திலும் சில வகை வருகிறது. இணைத்தே ஆக வேண்டும் என்றால் நேராக வெட்டி முட்ட வைக்காமல் இரண்டையும் சாய்வாக அறுத்து ஒன்றின்மேல் ஒன்று படியும்படி சேர்க்கச் சொல்லுங்கள், இடைவெளி விழுந்தாலும் பின்னால் மரமே தெரியும், சுவர் தெரியாது.

தடிமன் அகலம் எல்லாம் அறையைப் பொறுத்தது. 10 அடி உயர அறையில் 3, 4 இன்ச் கார்னிஸ் சரியாக இருக்கும். ஃபால்ஸ் சீலிங் போட்டு 9 அடிக்குக் கீழே இறக்கிய அறையில் அதே கார்னிஸ் தலைமேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும், விட்டுவிடுங்கள். சுவர்க் கட்டங்களுக்கு எண்ணிக்கையைவிட நடுவில் விடும் இடம் முக்கியம். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே 4 இன்ச் என்றால் ஓரங்களிலும் மேலும் கீழும் அதே அளவுக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். மர வேலைக்கு முன்னால் பெயின்டர் டேப்பைச் சுவரில் ஒட்டிக் கட்டம் போட்டுப் பாருங்கள், ஒரு வாரம் அப்படியே விடுங்கள். சுவிட்ச் போர்டு கட்டத்துக்குக் குறுக்கே வருகிறதா, சோபா போட்டால் பாதி மறைகிறதா, டிவிக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் போகிறதா என்பதெல்லாம் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். டேப்புக்குப் பெரிய செலவில்லை.

கடையில் சட்டம் எடுக்கும்போது ஒரு முனையைக் கண்ணருகே வைத்து, மறு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்கள், துப்பாக்கி குறி பார்ப்பது போல. வளைவு இருந்தால் உடனே தெரியும். லேசான வளைவை ஆணி நிமிர்த்திவிடும், முறுக்கிக்கொண்ட சட்டத்தை எதுவும் நிமிர்த்தாது, அதைக் கட்டிலேயே திரும்பப் போட்டுவிடுங்கள். கையில் தூக்கினால் பக்கத்துச் சட்டத்தைவிடக் கனமாக, தொட்டால் சில்லென்று இருப்பது இன்னும் காயாதது.

என் ஹால் மூலைகளைப் பற்றிக் கேட்டால், அந்த ஆசாரி சட்டங்களைக் கழற்றவில்லை. "இப்ப முழுசா காஞ்சிருச்சு, இனிமே பெருசா அசையாது" என்று சொல்லி, இடைவெளிகளில் அதே மரத்தின் சீவலை ஆப்பு மாதிரிச் செதுக்கிச் செருகி, பசை போட்டு, உளியால் மட்டமாக்கிவிட்டுப் போனார். பன்னிரண்டு மூலைக்கும் அரை நாள் ஆனது. அடுத்த ஐப்பசியில் இரண்டு மூலைகளில் மட்டும் வெளி முனை முடியளவு திறந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.